வீரமும் நியாயமும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டில் ஓய்ந்தது. அதனைப் படிப்பதில் அந்நாட்டு மக்கள் கொண்ட ஆர்வமோ இன்றுவரை ஓயவில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர்களை நாம் இங்கு குறிப்பிடவில்லை. பகலில் வழக்கறிஞராகவும் பல்வைத்தியராகவும் கடைச் சிப்பந்தியாகவும் புகையிரத ஊழியராகவும் கடமையாற்றிவிட்டு, ஒரு நூற்றாண்டுக்கு முன் எந்தப் படைப்பிரிவு எந்த வேலியைத் தாண்டி எந்த மேட்டில் ஏறிற்று என்று இரவெல்லாம் ஆராயும் மனிதரையே குறிப்பிடுகின்றோம். அவர்களுக்குச் சம்பளமில்லை, பட்டமுமில்லை. 1940இல் சிக்காகோ நகரில் இத்தகையோர் சிலர் கூடி ‘வட்டமேசை’ என்ற பெயரில் ஒரு கழகத்தைத் தொடங்கினர். அதனைப் பின்பற்றிப் பிற நகரங்களிலும் கழகங்கள் தோன்றின. அங்கத்தவர் கூடி உணவருந்துவர். ஒருவரின் சொற்பொழிவைக் கேட்பர். பின்னர் காரசாரமாக விவாதிப்பர். வேறு சிலர் பழைய முறையில் சீருடை தைத்து அணிந்து, பழைய துப்பாக்கியை ஏந்தி, போரினை நடித்தே பார்ப்பர். 1961 ஜூலையில் மனாசஸ் சமரின் நூற்றாண்டு நிறைவில் நடைபெற்ற அத்தகைய நடிப்பைக் காணப் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர்.

இவர்களை ஏளனம் செய்வது எளிது. நாம் அதனைச் செய்யப் புகவில்லை. வரலாறு கற்றோர் சிலரின் தனியுடைமையன்று, அது மக்களுக்கு உரியது என்று வற்புறுத்தி வருபவர்கள் நாம். கூலியும் புகழும் கருதாது ஒருவன் தன் நாட்டின் பழங்கடிதங்களைத் தேடிப் படிப்பானாயின் அவன் நம் கொள்கைக்குச் சான்றாகவே நிற்கிறான். கட்டடங்கள் எழும்பி மறைந்துபோகவிருந்த போர்க்களங்கள் பல இத்தகைய ஆர்வலரின் பணத்தினாலும் முயற்சியினாலும் காக்கப்பட்டுள்ளன. ஆகவே இவர்கள் வரலாறு படிக்கலாமா என்பதன்று நம் வினா. ஒரு நாட்டு மக்கள் தம்முள் பொருது மடிந்த போரைத் தம் விருப்பத்துக்குரிய பொருளாக ஆக்கிக்கொள்ளும்போது, அவ்விருப்பம் எதனைக் காண உதவுகிறது? எதனைக் காணாது மறைக்கிறது? இறந்தோருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் வியப்பா, உண்மையா? இவையே நாம் எழுப்ப விரும்பும் வினாக்கள்.

முதலில் போரின் பரிமாணத்தை மனங்கொள்ளல் வேண்டும். நான்கு ஆண்டுகளில் இருதரப்பிலும் மடிந்த படையினர் 6,20,000 பேர் என நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு அத்தொகை 7,50,000 அளவில் இருக்கலாமென மதிப்பிட்டது. 1862 செப்டெம்பர் 17ஆந் திகதி அன்ரீற்றம் என்னுமிடத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர் இறந்தோ, காயமுற்றோ, காணாமற் போயோ படைப்பட்டியலிலிருந்து நீங்கினர். போருக்கு முன்னர், 1860ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி, அந்நாட்டில் அடிமைகளாக இருந்தோர் ஏறத்தாழ 40 இலட்சம். இந்த இறுதித் தொகையை நாம் வேண்டுமென்றே மற்றவற்றோடு சேர்த்துக் கூறுகின்றோம். போரைப் பற்றிய பொதுமக்கள் நூல்கள் பலவற்றில் முன்னைய தொகைகள் பக்கத்துக்குப் பக்கம் வரும். இத்தொகையோ முன்னுரையில் ஒருமுறை வந்து மறைந்துவிடும்.

அந்நூல்கள் மட்டமானவை என்று எவரும் எண்ணிவிடலாகாது. புரூஸ் கற்றன் என்னும் பத்திரிகையாளர் 1953இல் வெளியிட்ட நூல் புலிற்சர் பரிசு பெற்றது. ஷெல்பி பூட் என்னும் நாவலாசிரியர் 1958 முதல் 1974 வரை மூன்று பெருந்தொகுதிகளில் அப்போரின் கதையைச் சொல்லி முடித்தார். 1990இல் கென் பேர்ண்ஸ் தயாரித்த தொலைக்காட்சித் தொடரை ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் பார்த்தனர். கற்றனும் பூட்டும் வரலாற்றைத் தொழிலாகக் கொண்ட பேராசிரியர்களல்லர், மக்களுக்காக எழுதினர். குளிரும் பசியும் அச்சமும் கொண்ட உயிருள்ள மனிதராகப் போர்வீரரை அவர்கள் நம் கண்முன் நிறுத்தினர். இது சிறிய தொண்டன்று.

ஆயின் போரை விவரிப்பதில் ஓர் இயல்பான சோதனை உண்டு. ‘எவ்வாறு’ என்ற வினாவுக்கு விடை தேடுவது இன்பந் தருவது. பீரங்கி எங்கு நின்றது, தளபதி ஏன் ஒருமணி நேரம் தாமதித்தான், வலப்புறம் சுற்றி வந்திருந்தால் யார் வென்றிருப்பர் என்பன சதுரங்கம் போல் மனத்தைக் கவர்வன. ‘ஏன்’ என்ற வினாவோ மனத்தை உறுத்துவது. எனவே படிப்பவன் தன்னையறியாமலே முதல் வினாவில் தங்கிவிடுகிறான். இது அமெரிக்கருக்கு மட்டும் உரிய குறைபாடன்று. பரணி பாடிய நம் புலவனும் களத்திலே பேய்கள் கூழட்டு உண்ணும் காட்சியை எத்துணைச் சுவைபடப் பாடினான்! கலிங்கத்தார் மடிந்த காரணமோ திறை கொடாமை என்ற அளவில் அடங்கிவிட்டது. கூழின் சுவையில் மயங்கிய நாமும் அதற்குமேல் கேட்டோமில்லை.

அமெரிக்கப் போரின் ‘ஏன்’ மறைபொருளன்று. பிரிந்துசென்ற மாநிலங்களே அதனை எழுதி வைத்தன. மிஸிஸிப்பி மாநிலம் 1861 ஜனவரியில் வெளியிட்ட பிரகடனம், தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றாக இணைந்தது என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறியது. அதே ஆண்டு மார்ச் மாதம் ஜோர்ஜியாவின் சவானா நகரில், தென்மாநிலக் கூட்டமைப்பின் உபஜனாதிபதி அலெக்சாந்தர் ஸ்ரீபன்ஸ் ஆற்றிய உரையில், கறுப்பினத்தவன் வெள்ளையனுக்குச் சமமானவனல்லன் என்ற கொள்கையே தமது புதிய அரசின் மூலைக்கல் என்றார். போரில் தோற்ற பின்னர், 1868இல் அதே மனிதர் எழுதிய நூலில் அம்மூலைக்கல்லைக் காணோம். மாநிலங்களின் இறைமை, அரசியலமைப்பு விளக்கம் என்பனவே போரின் காரணங்களாயின. ஒரு மனிதரின் இவ்விரு கூற்றுகளுக்குமிடையே கிடக்கும் ஏழாண்டு இடைவெளியில் ஒரு முழுப் பொய்யும் பிறந்து வளர்ந்ததை நாம் காணலாம்.

அப்பொய்க்கு ஒரு பெயரும் இருந்தது. றிச்மன்ட் நகரப் பத்திரிகாசிரியர் எட்வேட் பொலாட் 1866இல் தம் நூலுக்கு இட்ட தலைப்பே ‘தோற்ற இலட்சியம்’ என்ற அக்கொள்கைக்குப் பெயராயிற்று. தென்னாட்டார் உயர்ந்த பண்பினர். அடிமைகள் விசுவாசத்தோடு மகிழ்ந்திருந்தனர். வடக்கு வென்றது தொகையாலேயன்றி வீரத்தாலன்று: இதுவே அதன் சாரம். 1894இல் தோன்றிய ‘கூட்டமைப்பின் புதல்வியர்’ சங்கம் சிலைகளை எழுப்பியது, பாடநூல்களைக் கண்காணித்தது, இக்கதைக்கு மாறான நூல்களைப் பள்ளிகளிலிருந்து விலக்க முயன்றது. றிச்மன்டில் 1890இல் நிறுவப்பட்ட தளபதி லீயின் சிலை 2021இலேயே அகற்றப்பட்டது. வரலாற்றைத் திரித்தவர்கள் ஒருசில அறிஞர்கள் மாத்திரமல்லர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. சிலைக்குச் சந்தா சேர்த்தவர்களும் கல்லறைக்கு மலர் வைத்தவர்களும் சாதாரண மனிதரே. மக்கள் வரலாறு எழுதுவதால் மாத்திரம் அது மக்கள் வரலாறாகிவிடாது என்ற கசப்பான பாடத்தை நாம் இதிலிருந்து கற்கவேண்டியுள்ளது.

இனி இவ்வார்வலர்கள் பெரிதும் போற்றும் ஒரு நியாயத்தை ஆராய்வோம். இருதரப்பினரும் வீரத்துடனே போரிட்டனர். இருதரப்பினரும் தாம் நம்பியதற்காக உயிர் கொடுத்தனர். ஆகவே இருதரப்பையும் ஒப்ப மதிப்பதே பெருந்தன்மை என்பது அவர் வாதம். இதன் முதற்கூற்று உண்மை. தென்னாட்டுப் போர்வீரன் கோழையல்லன். ஆயின் முதற்கூற்றிலிருந்து முடிவு பிறக்கவில்லை. வீரம் என்பது மனிதன் ஒரு செயலை எவ்வாறு செய்கிறான் என்பதைக் காட்டுமேயன்றி, எச்செயலைச் செய்கிறான் என்பதற்குச் சான்று பகராது. கொள்ளையடிக்க வந்தவனும் அஞ்சாதவனாக இருத்தல் கூடும். இருவரின் துணிவையும் தராசில் இட்டுச் சமன் காண்பவர், இருவரின் நோக்கையும் அதே தட்டில் மெல்ல வைத்து விடுகின்றனர். பெருந்தன்மை என்ற பெயரில் நடைபெறும் இத்தவறு தர்க்கத்தின் தவறு மாத்திரமன்று. அத்தராசில் மூன்றாவதாக நின்ற மனிதனை அது காணவே மறுக்கிறது. அம்மூன்றாமவன் அடிமையாயிருந்தவன்.

இதற்குக் கைமேற் சான்று ஒன்றுண்டு. 1913 ஜூலையில், கெற்றிஸ்பேர்க் சமரின் ஐம்பதாவது ஆண்டு நிறைவில், இருதரப்பையும் சேர்ந்த முதிய போர்வீரர் 50,000க்கு மேற்பட்டோர் அக்களத்தில் ஒன்றுகூடினர். ஒருகாலத்தில் துப்பாக்கி நீட்டிய மதிலின் மேலாகக் கைகுலுக்கினர். ஜனாதிபதி வூட்றோ வில்சன் உரையாற்றி, பழைய பகை மறக்கப்பட்டுவிட்டது என்றார். கண்ணீர் வரவழைக்கும் காட்சிதான். அதே 1913ஆம் ஆண்டில் அதே வில்சனின் அரசாங்கம் தலைநகரின் அரச அலுவலகங்களில் கறுப்பின ஊழியரை வெள்ளையரிடமிருந்து பிரித்து வைக்கத் தொடங்கியது. அண்ணனும் தம்பியும் கட்டித் தழுவிக்கொண்டனர். அத்தழுவலுக்குரிய விலையை வேறொருவன் செலுத்தினான்.

கெற்றிஸ்பேர்க்கிலேயே சற்று நிற்போம். 1863 ஜூலை 3ஆந் திகதி பிற்பகல் தென்னாட்டுப் படையினர் ஏறத்தாழ 12,500 பேர் திறந்த வெளியைக் கடந்து, கல்லறைக் குன்றுத் தொடரை நோக்கி நடந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் வீழ்ந்தும் காயமுற்றும் சிறைப்பட்டும் போயினர். பிக்கெற்றின் தாக்குதல் என்று பெயர்பெற்ற இந்நிகழ்ச்சியைப் போல் ஆர்வலரின் உள்ளத்தைக் கவர்ந்தது வேறில்லை. 1948இல் வெளிவந்த வில்லியம் போக்னரின் நாவலொன்று, தென்னாட்டுச் சிறுவன் ஒவ்வொருவன் மனத்திலும் அத்தாக்குதல் இன்னும் தொடங்காத கணமாகவே நிற்பதைக் காட்டுகிறது. சிறந்த எழுத்து அது. ஆனால் தென்னாட்டுச் சிறுவன் என்றால் எச்சிறுவன்? கறுப்பினச் சிறுவனும் அம்மண்ணில் பிறந்தவன்தானே? அத்தாக்குதல் வென்றிருந்தால் அவன் நிலை என்னவாகியிருக்கும்?

அக்குன்றுத் தொடரின் மீது, வடநாட்டுப் படை அணிவகுத்து நின்ற அதே இடத்தில், ஒரு சிறு வீடு இன்றும் இருக்கிறது. அது ஆபிரகாம் பிறயன் என்ற கறுப்பின விவசாயியின் வீடு. சுதந்திர மனிதரான அவருக்கு அங்கு 12 ஏக்கர் நிலமும் பழத்தோட்டமும் இருந்தன. சமருக்கு முன்னரே அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார். காரணம் பீரங்கி மாத்திரமன்று. பென்சில்வேனியாவுக்குள் நுழைந்த லீயின் படையினர் வழியிலே கறுப்பின மக்களைப் பிடித்தனர். அவர்களில் முன்னர் தப்பிவந்த அடிமைகளும் இருந்தனர். பிறப்பிலேயே சுதந்திரராயிருந்தோரும் இருந்தனர். வேறுபாடு பாராது அவர்களைத் தெற்கே அடிமைத்தனத்துக்கு அனுப்பினர். பிறயன் திரும்பி வந்தபோது வேலி அழிந்திருந்தது, பயிர் மிதிபட்டிருந்தது, வீடு குண்டுகளாற் சிதைந்திருந்தது. கோரிய நட்டஈட்டில் மிகச் சிறிய பகுதியே அவருக்குக் கிட்டியது. ஆர்வலர் தலைமுறை தலைமுறையாக இவ்வீட்டைக் கடந்து சென்று, இன்ன படைப்பிரிவு இங்கு நின்றது என்று காட்டினர். வீட்டுக்காரன் யார், ஏன் வீட்டில் இல்லை என்று கேட்டவர் சிலரே. போர் எதன் பொருட்டு நிகழ்ந்தது என்பதற்கு விடை அவர்கள் காலடியிலேயே இருந்தது.

தளபதிகளின் திறமையை வியப்பதிலும் இதுவே நிகழ்கிறது. 1990ஆம் ஆண்டுத் தொடரிலே தோன்றிய பூட், அப்போர் ஈன்ற மேதைகள் இருவர். ஒருவர் லிங்கன், மற்றவர் நேதன் பெட்போர்ட் பொரஸ்ற் என்று கூறினார். குதிரைப்படையை நடத்துவதில் பொரஸ்ற் வல்லவரென்பதை மறுப்பாரில்லை. ஆனால் அவர் மெம்பிஸ் நகரிலே அடிமை வாணிகம் செய்து செல்வம் திரட்டியவர். 1864 ஏப்ரல் 12ஆந் திகதி பிலோ கோட்டையில் அவர் படையினர் சரணடைய முயன்ற கறுப்பினப் படைவீரரைக் கொன்று குவித்தனர். போருக்குப் பின்னர் அவர் கூ கிளக்ஸ் கிளானின் முதற் பெருந்தலைவரானார். மேதை என்ற சொல் இங்கு எதனை அளக்கிறது? கொல்லும் திறனைக் கொல்லப்பட்டவரிடமிருந்து பிரித்தெடுத்துத் தனியே வியக்க முடியும் என்ற எண்ணத்தையே நாம் மறுக்கிறோம். திறமையை அறிவது வேறு. அதற்கு மாலை சூட்டுவது வேறு.

இவ்வாறெழுதுவதால் எளிய தென்னாட்டு வீரனை இகழ்கிறோம் என்று எவரும் கொள்ளலாகாது. அடிமைகளை உடைமையாக வைத்திருந்தோர் தென்னாட்டு வெள்ளையரிலும் சிறுபான்மையினரே. 1862 ஒக்ரோபரில் நிறைவேறிய சட்டம், இருபது அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையனைப் படைச் சேவையிலிருந்து விலக்களித்தது. பணக்காரன் தொடுத்த போர், ஏழை செய்யும் சண்டை என்று அன்றே மக்கள் முணுமுணுத்தனர். பிறர் நலனுக்காக ஏமாற்றப்பட்டு மாண்ட அவ்வேழைக்காக இரங்குவது தகும். ஆயின் அவனை ஏமாற்றிய கொள்கையை அவன் கல்லறையின் மீதே மீண்டும் பொறிப்பது அவனுக்குச் செய்யும் மரியாதையாகாது. அது அவனை இரண்டாம் முறை ஏமாற்றுவதாகும்.

‘ஏன்’ என்பதை அன்றே உணர்ந்த எளியோரும் இருந்தனர். அமெரிக்கப் பருத்தி வராமற் போனதால் லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர் பட்டினி கிடந்தனர். நம்மருகே திருநெல்வேலிச் சீமையிலும் அக்காலத்தில் பருத்தி விலை ஏறியது. ஒரு கண்டத்தின் போர் மற்றொரு கண்டத்தின் கரிசல் மண்ணைத் தொட்டது. அப்பட்டினியின் நடுவிலும் மன்செஸ்ரர்த் தொழிலாளர் 1862ஆம் ஆண்டின் இறுதி நாளிற் கூடி, அடிமை ஒழிப்பை ஆதரித்து லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினர். 1863 ஜனவரியில் லிங்கன் அவர்களுக்கு நன்றி கூறிப் பதிலெழுதினார். அடுத்த ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் லிங்கனுக்கு அனுப்பிய வாழ்த்துரையைக் கார்ல் மார்க்ஸ் எழுதினார். இவர்களுள் எவருக்கும் அணிவகுப்பின் நுட்பம் தெரிந்திராது. போரின் பொருள் தெரிந்திருந்தது.

அடிமைகளோ அப்பொருளைத் தம் கால்களாலேயே எழுதினர். தோட்டங்களை விட்டுத் திரள்திரளாக ஓடி வடநாட்டுப் படையை அடைந்தனர். இதனை ஒரு பொது வேலைநிறுத்தம் என்றே 1935இல் வெளியிட்ட தம் நூலில் டூ பொய்ஸ் விளக்கினார். ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் சீருடை அணிந்து போரிட்டனர். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டொலர்; இவர்களுக்கு 10 டொலர், அதிலும் உடைக்கென 3 டொலர் கழிக்கப்பட்டது. மசசூசெற்ஸ் மாநிலத்தின் 54ஆவது படைப்பிரிவினர் அக்குறைந்த சம்பளத்தை வாங்க மறுத்தனர். சம்பளமின்றியே 1863 ஜூலையில் வாக்னர்க் கோட்டையைத் தாக்கினர். 1864இலேயே சமசம்பளம் சட்டமாயிற்று. வீரக்கதை வேண்டுவோர்க்கு இதனினும் சிறந்த வீரக்கதை ஏது? ஆயினும் போரின் நூற்றாண்டு விழாவை நடத்திய தேசிய ஆணைக்குழு 1961இல் சார்ள்ஸ்ரன் நகரிற் கூடியபோது, நியூ ஜேர்சி மாநிலக் குழுவைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணிக்கு விழா ஹோட்டலில் அறை மறுக்கப்பட்டது. ஜனாதிபதி கென்னடி தலையிட்டு, கூட்டத்தைக் கடற்படைத் தளத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நூறாண்டுகளாகப் போரைப் படித்தவர்கள் அப்போரின் காரணத்தைத் தம் வரவேற்பு மண்டபத்திலேயே அடையாளங் காணவில்லை.

இவற்றால் ஆர்வலர் திருந்தமாட்டார் என்பது பெறப்படுமா? பெறப்படாது. 54ஆவது படைப்பிரிவைப் பற்றி 1989இல் வெளிவந்த திரைப்படத்தின் பின், கறுப்பின ஆர்வலர் பலர் தம் முன்னோரின் சீருடையை அணிந்து களங்களில் நின்றனர். அந்த நூற்றாண்டின் இறுதியில் தேசியப் பூங்காச் சேவை, போர்க்கள விளக்கப் பலகைகளில் அடிமை முறையைக் காரணமாகக் கூறத் தொடங்கியது. சிலர் சினந்தனர், பலர் படித்தனர். பொத்தானின் எண்ணிக்கையைக்கூட விடாது ஆராயும் விடாமுயற்சி, பிறயனின் வீட்டுக் கதவைத் தட்டுமானால், தொழில்முறை ஆய்வாளரும் காணாததை அது காணும். ஆர்வத்தைக் குறைக்குமாறு நாம் கேட்கவில்லை. அது பாதிவழியில் நின்றுவிடலாகாது என்றே கேட்கிறோம்.

இதனை நாம் அயலார் குறையாக எண்ணி எழுதவில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரொன்றைக் கண்ட தீவிலிருந்து எழுதுகிறோம். அப்போரும் இப்போரும் ஒன்றல்ல. காரணங்களும் வேறு, முடிவுகளும் வேறு. ஆயினும் தளபதிகளின் நினைவுக் குறிப்புகளும் சமர் விபரங்களும் இங்கும் நூல்களாகி வருகின்றன. அவற்றை விளக்கொளியில் விருப்போடு படிக்கும் தலைமுறை இங்கும் தோன்றும். எந்த அணை எப்போது உடைக்கப்பட்டது, எந்தப் படகு எவ்வழி வந்தது என்று விவாதிக்கும். தோன்றட்டும். அத்தலைமுறை, காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி 2017 முதல் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரையும் அதே வரைபடத்தில் குறிக்குமா என்பதே நம் கவலை. அவர்களை விட்டு வரையப்படும் வரைபடம் எத்துணை நுட்பமாயினும் பிழையானது.

போர் வரலாற்றை எடுக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இக்களத்தில் யாருடைய வீடு இருந்தது, அவர் அன்று எங்கே போயிருந்தார்? அதற்கு விடை கண்ட பின்னர், படைப்பிரிவுகள் எந்த வேலியைத் தாண்டின என்பதையும் ஆறுதலாகப் படிக்கலாம்.